ஜெர்மன் ஓபரா மேடைக்குப் போக நினைப்பவர்களுக்கு: எந்த மாதம், எந்தக் காகிதம், எவ்வளவு பணம்

சென்னையில் மேற்கத்தியப் பாட்டு கற்று, டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்து, சர்ச் காயரில் சோலோ பாடி, இனி ஓபராதான் என்று முடிவு செய்துவிட்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். நான் அந்த நிலையில் இருந்தபோது குரலைப் பற்றிச் சொல்ல நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். எந்த மாதம் எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பது, வங்கியில் எவ்வளவு இருக்க வேண்டும், ஏஜென்ட் கேட்கும் பணம் நியாயமானதா என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஜெர்மனியில் படித்து முடித்து, இப்போது இங்கே ஒரு நடுத்தர ஊர் அரங்கில் பாடுகிறேன். வழியில் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை எல்லாம் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஏன் ஜெர்மனி? அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் இங்கே 80-க்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு வைத்திருக்கின்றன. வேறு எந்த நாட்டிலும் இந்த அளவுக்குக் கிடையாது. ஆனால் இந்த ஊரில் எல்லாமே காலண்டர்படிதான் ஓடும். தேதி தவறினால் எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் ஒரு வருடம் போய்விடும், அதனால் கீழே மாதங்களை அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் குரல் எந்த ‘ஃபாக்’ என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே யாரும் வெறுமனே சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்), டெனர் (ஆண்களின் உச்சக் குரல்) என்று வேலைக்கு எடுப்பதில்லை. குரலின் கனம், நிறம், வீச்சு எல்லாம் பார்த்துப் பிரித்திருக்கும் வகைக்குப் பெயர்தான் ஃபாக். காலியிடமே ‘சுப்ரெட் தேவை’, ‘லிரிக் டெனர் தேவை’ என்றுதான் வரும். சுப்ரெட் (இலேசான, துள்ளலான சோப்ரானோ) என்றால் டெஸ்பினா, செர்லினா, ‘ஃப்ரைஷுட்ஸ்’ ஓபராவின் என்ஷென் போன்ற பாத்திரங்கள். லிரிக் (மென்மையாக இழையும்) சோப்ரானோ என்றால் பமீனா, மிக்காயெலா, மிமி. லிரிக் மெஸ்ஸோவுக்கு (சோப்ரானோவுக்கு அடுத்த கீழ்க் குரல்) கெருபினோ, ஹென்ஸல். லிரிக் டெனருக்குத் தமீனோ, ஃபெர்ராண்டோ.

இருபத்து நான்கு வயதில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் கனமான பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். யூடியூபில் கேட்டுப் பிடித்துப்போன ஆரியா (ஓபராவில் வரும் தனிப்பாட்டு) உங்கள் ஆரியா என்று அர்த்தமில்லை. உங்கள் வயதில், உங்கள் குரலில், நாளை காலை பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்திலும் பாட முடிகிற பாத்திரம் எதுவோ அதுதான் உங்கள் ஃபாக். கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: சுருதி சுத்தமும் தாளமும் உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் மைக் இல்லாமல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலை அனுப்புவது தனிப் பயிற்சி, அதற்கு வருடங்கள் ஆகும். முன்கூட்டியே தொடங்குங்கள்.

2. ஜெர்மன் மொழியை இந்த மாதமே தொடங்குங்கள்

பாட்டு மாணவர்களிடம் பல கல்லூரிகள் பி2 (தடையில்லாமல் பேசிப் புரிந்துகொள்ளும் மொழித் தரம்) கேட்கின்றன, சில அதற்கு ஒரு படி கீழான பி1 போதும் என்கின்றன, இன்னும் சில சேர்ந்தபின் கொஞ்ச காலத்துக்குள் தந்தால் சரி என்கின்றன. சென்னையில் நுங்கம்பாக்கம் கோதே இன்ஸ்டிடியூட்டில் ஆரம்பத்திலிருந்து பி2 வரை வர, வேறு வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒன்றரை வருடமாவது வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வாங்குவதோடு இது முடியாது. ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவிலும் ஓபரெட்டாக்களிலும் (இலேசான, நகைச்சுவை ஓபராக்கள்) நடுநடுவே வசனம் உண்டு, சின்ன அரங்குகள் ஆடிஷனிலேயே நாலு வரி வசனம் பேசச் சொல்லும். நம்மவர்களுக்குச் சிக்கல் தருபவை ‘யு’வுக்கும் ‘இ’க்கும் நடுவே உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலியும், சொல்லின் கடைசியில் வெடித்து நிற்க வேண்டிய ட், க், ப் ஒலிகளும். அதற்கென்றே ஒரு ஆசிரியரிடம் கொஞ்ச நாள் உட்காருங்கள்.

3. கல்லூரிக்கு ஒரு வருடம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள்

ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகள் 24. படிப்பு அக்டோபரில் தொடங்கும். விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே மூடிவிடும், நுழைவுத் தேர்வு மே முதல் ஜூலை வரை. கல்லூரிக்குக் கல்லூரி தேதி மாறும், ஆகவே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 30 முதல் 60 யூரோ, திரும்ப வராது. ஐந்தாறு கல்லூரிகளுக்குப் போட்டால் அதுவே ஒரு தொகை.

படிப்புக் கட்டணம் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டும். விதிவிலக்குகளைக் கவனியுங்கள்: ஷ்டுட்கார்ட், மான்ஹைம், ஃப்ரைபூர்க், கார்ல்ஸ்ரூஹே, ட்ரோஸிங்கன் ஆகிய ஐந்தும் பாடன் வியூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருப்பதால் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். லைப்சிக்கில் 1,800 யூரோ. நல்ல கல்லூரிகள்தான், ஆனால் சேர்ந்த பிறகு தெரிந்து அதிர்ச்சி அடைய வேண்டாம்.

சில கல்லூரிகளில் வயது வரம்பு உண்டு, பாட்டில் அது மற்ற வாத்தியங்களை விடச் சற்றுத் தளர்வாக இருக்கும். பிளஸ் டூ மட்டும் போதுமா, டிகிரி வேண்டுமா என்பதையும் கல்லூரி அலுவலகத்துக்கே மெயில் போட்டுக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். தரகர் சொல்வதை நம்பாதீர்கள். இசைக் கல்லூரி விதிகள் எஞ்சினியரிங் மாணவர்களை அனுப்பும் தரகர்களுக்குத் தெரியாது.

4. கல்லூரியைத் தேடும் முன் ஆசிரியரைத் தேடுங்கள்

இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். தேர்வில் தேர்ச்சி பெற்றாலும், எந்தப் பேராசிரியரின் வகுப்பிலும் இடம் இல்லை என்றால் உங்களுக்கு இடம் இல்லை. ஆகவே முந்தைய வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே நாலைந்து பேராசிரியர்களுக்கு ஜெர்மன் மொழியில் சுருக்கமாக எழுதுங்கள்: யார் நீங்கள், என்ன ஃபாக், இரண்டு வீடியோ இணைப்பு, ஒரு மாதிரி வகுப்பு தர முடியுமா. பலர் இலவசமாகவே தருவார்கள், சிலர் கட்டணம் வாங்குவார்கள், சிலர் ஆன்லைனிலேயே கேட்பார்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அந்த வகுப்பில் அவர் சொன்னதைச் செய்ய முயலும்போது உங்கள் குரல் எளிதாகிறதா, இறுகுகிறதா என்று மட்டும் பாருங்கள். அவருடைய புகழ் இரண்டாம்பட்சம். நாலு வருடம் உங்கள் தொண்டை அவர் கையில் இருக்கப் போகிறது.

5. காகிதங்கள், அவற்றின் வரிசையில்

அ) ஏபிஎஸ் சான்றிதழ். 2022 நவம்பர் முதல் இந்தியாவிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். உங்கள் மார்க் ஷீட்டுகள் உண்மையானவை என்று டெல்லியில் உள்ள ஏபிஎஸ் அலுவலகம் சரிபார்த்துத் தரும். கட்டணம் 18,000 ரூபாய். சில வாரங்கள் ஆகும், கூட்டமான மாதங்களில் அதற்கு மேலும் ஆகும். விண்ணப்பம் போடும் வருடத்துக்கு முந்தைய நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். மார்க் ஷீட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம்முடைய இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும், மற்றொன்றில் அப்பா பெயராக விரிந்தும் கிடக்கும். அதைச் சரிசெய்யப் போகும் மாதங்கள் உங்கள் விசாவிலிருந்து கழியும்.

ஆ) குரல்வளைச் சான்றிதழ். சில கல்லூரிகள் பாட்டு மாணவர்களிடம் குரல் நாண்கள் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று மருத்துவச் சான்று கேட்கும். ஸ்ட்ரோபோஸ்கோப்பி (குரல் நாண்கள் அதிர்வதைப் படம் எடுப்பது) வசதி உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள், ஆரோக்கியமாக இருக்கும்போது எடுத்த படம் பின்னால் ஒப்பிட உதவும்.

இ) பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ முன்பணமாகப் போட்டுக் காட்ட வேண்டும், மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்ப வரும். இந்தத் தொகை அவ்வப்போது உயரும், பணம் அனுப்பும் வாரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். முனிச், ஃப்ராங்க்ஃபர்ட் மாதிரி ஊர்களில் 992 யூரோவில் வாடகை கட்டி வாழ்வது மிகவும் சிரமம். கடன் வாங்குவதானால் வங்கியில் பேசுவதை மார்ச்சிலேயே முடியுங்கள்.

ஈ) விசா. கட்டணம் 75 யூரோ. இங்கேதான் பெரிய பொறி. சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசாவில் போய்த் தேர்வு பாடிவிட்டு, இடம் கிடைத்ததும் அங்கேயே மாணவர் அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது நடக்காது, திரும்பி வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குள் அக்டோபர் வந்துவிடும். நுழைவுத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கென்றே மாணவர் விண்ணப்பதாரர் விசா என்று தனியாக ஒன்று உண்டு. அதில் போனால் இடம் கிடைத்ததும் அங்கேயே மாற்றலாம், அதிகபட்சம் ஒன்பது மாதம் இருக்கலாம். பணம் காட்ட வேண்டியது அதற்கும் உண்டு.

6. நுழைவுத் தேர்வு

முதல் சுற்று பல இடங்களில் வீடியோ. போனிலேயே எடுக்கலாம், ஆனால் வெட்டி ஒட்டக் கூடாது, எதிரொலி சேர்க்கக் கூடாது. பியானோ வாசிப்பவரோடு எடுங்கள், கரோக்கி டிராக் வேண்டாம். நேரில் நடக்கும் சுற்றுக்கு ஓபரா ஆரியா, ஜெர்மன் லீட் (பியானோவோடு பாடும் கவிதைப் பாடல்), ஒராட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடும், பெரும்பாலும் சமயக் கதை) ஆரியா என்று கலந்து, குறைந்தது ஜெர்மனும் இத்தாலியனும் இருக்கும்படி தயார் செய்யுங்கள், எல்லாம் மனப்பாடமாக. ஒரு கவிதையோ வசனமோ சொல்லச் சொல்வார்கள். அப்புறம் தியரி, காதால் கேட்டு எழுதுவது, கொஞ்சம் பியானோ. நம் ஊரிலிருந்து வருபவர்கள் பாட்டில் ஜெயித்துவிட்டு காதுத் தேர்வில் விழுவதைப் பார்த்திருக்கிறேன், ஸ்வரம் எழுதும் பழக்கம் இருந்தாலும் நாலு குரல் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கோர்டுகளைப் பிரித்துக் கேட்பது வேறு. தினமும் இருபது நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.

7. படிக்கும் வருடங்களின் பணம்

முப்பது வயதுக்குள் இருந்தால் மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140, 150 யூரோ வாக்கில். முப்பது தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், முதுகலைக்கு வருபவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். வேலை செய்ய வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. பாடகர்களுக்கு நல்ல வேலைகள் சர்ச்சில் ஞாயிறு சோலோவும், அரங்குகளில் பெரிய ஓபராக்களுக்குக் கூடுதலாக ஆள் எடுக்கும் கூட்டுப்பாட்டுக் குழுவான எக்ஸ்ட்ரா கோரஸும்தான். எக்ஸ்ட்ரா கோரஸ் மாதிரி பள்ளிக்கூடம் கிடையாது: மேடை நடமாட்டம், கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே நடிப்பது, உடை மாற்றும் அவசரம் எல்லாம் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம்.

வீடு பார்க்கும்போது பாடலாமா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் வந்தால் பயிற்சி நேரம் சுருங்கிவிடும்.

பணம் கட்டிப் பாடும் கோடைப் பயிற்சி முகாம்கள் ஏராளம். ஆயிரக்கணக்கான யூரோ வாங்கிக்கொண்டு ஒரு சர்ச் ஹாலில் அரை ஓபரா போடுவார்கள். சேரும் முன் ஒன்றே ஒன்று விசாரியுங்கள்: சொல்லிக்கொடுப்பவர்களில் இன்றைக்கு ஓர் அரங்கில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர் யாராவது உண்டா? இல்லை என்றால் அந்தப் பணத்தை ஆடிஷன் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஸ்டூடியோ, ஏஜென்ட், போட்டிகள்

படிப்பின் கடைசி வருடத்தில் ஓபரா ஸ்டூடியோக்களுக்கு (இளம் பாடகர்களுக்கு அரங்குகளே நடத்தும் பயிற்சித் திட்டங்கள்) விண்ணப்பியுங்கள். முனிச்சின் பவேரிய அரசு ஓபரா, ஹாம்பர்க், ஃப்ராங்க்ஃபர்ட், ஸூரிக் எல்லாவற்றிலும் உண்டு. பொதுவாக இரண்டு வருடம், வயது வரம்பு முப்பதை ஒட்டி. சம்பளம் முழு ஒப்பந்தத்தைவிடக் குறைவு, ஆனால் பெரிய மேடையில் சின்னப் பாத்திரங்கள் கிடைக்கும்.

ஏஜென்ட் விஷயத்தில், அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் கலைஞர் பிரிவான ஸாவ் (ZAV) கட்டணமே வாங்குவதில்லை. முதலில் அங்கே பதிவு செய்து அவர்கள் முன் பாடிக் காட்டுங்கள். தனியார் ஏஜென்ட் கிடைத்த வேலையின் சம்பளத்தில் பத்து சதவீதத்தை ஒட்டி வாங்குவது வழக்கம். வேலை வரும் முன் ‘பதிவுக் கட்டணம்’, ‘வெப்சைட் கட்டணம்’ என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

போட்டிகளில் ஓபராலியா, நோயெ ஷ்டிம்மன், பெல்வெடேர் போன்றவற்றில் நடுவர்களாக அரங்கு இயக்குநர்களே உட்காருவதால் பரிசு கிடைக்காவிட்டாலும் வேலை வரலாம். இலங்கை வம்சாவளி அமெரிக்க டெனர் ஷான் பனிக்கர் இன்று ஸால்ஸ்பர்க்கிலும் முனிச்சிலும் பாடுகிறார், மும்பையில் பிறந்த பாட்ரிசியா ரொஸாரியோ லண்டனில் படித்துப் பெரிய இடங்களில் பாடியவர். நம் முகத்துக்கு இங்கே இடமில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் இவர்களைப் போட்டுக் காட்டுங்கள்.

9. வேலைக்கான ஆடிஷன்

அரங்கு ஒப்பந்தங்கள் ஒரு சீஸனுக்குத்தான், தானாக நீளும். நீட்டிக்கப் போவதில்லை என்றால் அக்டோபர் 31-க்குள் அரங்கு அந்தப் பாடகருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆகவே அடுத்த ஆகஸ்டில் எங்கே இடம் காலி என்பது நவம்பரில்தான் தெளிவாகும். ஆடிஷன் கூட்டம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரலில் ஊர் ஊராக மெயில் அனுப்பினால் பதில் வராததற்குக் காரணம் இதுதான்.

போக்குவரத்துச் செலவை முதல் ஆடிஷனுக்கு யாரும் தர மாட்டார்கள். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில்களுக்குச் செல்லும் மாத டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. வேக ரயில்களில் செல்லாது, அதனால் முதல் நாள் மாலையே போய்த் தங்குங்கள். இரவு ரயிலில் வந்து காலையில் பாடுவது குரலுக்கு ஆகாது.

ஐந்து ஆரியா கொண்டுபோங்கள், எல்லாம் உங்கள் ஃபாக்கில், ஒன்றாவது ஜெர்மனில், ஒன்றாவது மோட்ஸார்ட்டுடையது. முதல் ஆரியா உங்கள் விருப்பம், இரண்டாவது அவர்கள் கேட்பது. பியானோ நோட்டை இரண்டு பக்கமும் அச்சடித்து வளையக் கோப்பில் போடுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கு பட்டு எழுத்து தெரியாது. பாடாமல் தாண்டிப் போகும் பகுதிகளை, அதாவது வெட்டுகளைப் பென்சிலால் தெளிவாகக் குறியுங்கள். மேடைக்குப் போனதும் பியானோ வாசிப்பவரிடம் போய், முதல் இரண்டு வரியை மெல்லப் பாடி வேகத்தைக் காட்டுங்கள், விரல் சொடுக்க வேண்டாம், அது அவமரியாதை. கீழே இருட்டில் நாலைந்து பேர் இருப்பார்கள், முகம் தெரியாது. பாதியில் ‘டாங்கெ’ (நன்றி) என்று நிறுத்துவார்கள். பிடித்துப்போய் அடுத்ததைக் கேட்கவும் அப்படித்தான் நிறுத்துவார்கள், போதும் என்பதற்கும் அப்படித்தான். முகத்தை மாற்றாமல் நில்லுங்கள்.

அன்னபெர்க் புக்ஹோல்ட்ஸ், ஹோஃப், மைனிங்கன், டெட்மோல்ட் போன்ற ஊர்ப் பெயர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பெரிய ஊரில் இரண்டு வருடம் ‘குதிரை தயார்’ என்று ஒற்றை வரி பாடுவதற்குப் பதில், இங்கே ஒரே சீஸனில் முழுப் பாத்திரங்கள் நாலைந்து பாடலாம்.

10. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

பெரும்பாலான அரங்குகளில் என்வி பியூனெ என்ற பொது ஒப்பந்தம்தான். புதிதாகச் சேரும் சோலோ பாடகருக்கு மாதம் 3,000 யூரோவைச் சுற்றித்தான் கிடைக்கும், வரியும் காப்பீடும் போகக் கையில் 2,000 வாக்கில். விடுமுறை 45 நாள், ஆனால் அரங்கு மூடியிருக்கும் கோடையில்தான் பெரும்பகுதி. தங்கச்சி கல்யாணத்துக்கு ஜனவரியில் வருவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒத்திகை வழக்கமாக காலை 10 முதல் 2 வரை, மாலை 6 முதல் 10 வரை, மறுநாள் அட்டவணை முந்தைய நாள் மதியம்தான் வரும். வெளியே பாட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

எந்தெந்தப் பாத்திரங்கள் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் மெயிலில் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஃபாக்குக்கு மீறிய பாத்திரத்தை முதல் சீஸனிலேயே நீட்டினால் மரியாதையாக மறுக்கலாம், அதற்கு அந்த மெயில் உதவும். கலைஞர் தொழிற்சங்கமான கேடிபிஏ-வில் (GDBA) முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். நீட்டிப்பு மறுப்புக் கடிதத்துக்கு முன் உங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது விதி, அந்தச் சந்திப்புக்குச் சங்கத்தின் ஆளை உடன் அழைத்துப் போகலாம்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். அது தானாக வராது, மாணவர் அனுமதி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்குங்கள். வேலை ஒப்பந்தம் வந்தபின் அதே அலுவலகத்தில் வேலை அனுமதியாக மாற்றுங்கள். ஒப்பந்தம் சீஸன் சீஸனாக நீள்வதால் அனுமதி அட்டையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டி வரும். அக்டோபர் 31 கடந்து கடிதம் வராவிட்டால், நவம்பர் முதல் வாரமே அரங்கின் அலுவலகத்தில் நீட்டிப்பை உறுதிசெய்யும் தாளைக் கேட்டு வாங்கி, புதுப்பிப்புக்கு நேரம் போட்டுவிடுங்கள்.